சாம்பாரில் வளர்ந்த லாப்ரடார்

எங்கள் வீட்டுக்கு நாய் ஒரு மிக்ஸிப் பெட்டியில் வந்தது. பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்து, மகள் ஒருவழியாக அம்மாவுக்கு உபயோகமாக ஏதோ வாங்கி வந்திருக்கிறாள் என்று நான் ஒரு நிமிடம் நம்பினேன். பிறகு பெட்டி முனகியது.

"பியூர் லாப்ரடார் அம்மா. ஐம்பது நாள் ஆச்சு. இதோட அப்பா, அம்மா, தாத்தா வரைக்கும் போட்டோ கண்டாச்சு" என்றாள் மகள்.

என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளையைப் பற்றிக்கூட இந்த அளவுக்கு விசாரணை நடக்கவில்லை. ஒரே ஒரு புகைப்படம் வந்தது, அதுவும் மங்கல். இதை நான் சொன்னபோது, அந்த மாப்பிள்ளை எதுவும் காதில் விழாதவர்போலப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் மகளுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்துவிட்டது. வேலை கிடைக்கப் போகிறது என்று தெரிந்துதான் நாயை வாங்கினாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும். அவள் தம்பானூரில் ரயில் ஏறும்போது நாயை நினைத்து அழுதாள். எங்களிடம், "கேட்டை மூட மறக்காதீங்க" என்றாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான்கு பக்கத்துக்கு ஒரு உணவுக் குறிப்பைக் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். என்னை முதன்முதலாகப் பள்ளியில் கொண்டுவிட்டபோது என் அம்மா சொன்னது ஒரு வாக்கியம்தான்.

நாய்க்கு அவள் வைத்த வெளிநாட்டுப் பெயர் என் கணவரின் நாக்கில் கடைசிவரை ஏறவில்லை. அவர் "இங்க வாடே" என்று கூப்பிடுவார். அதுதான் தன் பெயர் என்று அவனும் ஏற்றுக்கொண்டுவிட்டான்.

எங்கள் வீடு திருவனந்தபுரம் வலியசாலையில். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். தெருவில் யார் என்ன சமைக்கிறார்கள் என்பதை ஒளிக்க முடியாது. எங்கள் வீட்டில் ஒளிக்கவும் ஒன்றுமில்லை. சுத்த சைவம், முட்டைகூட வாசலைத் தாண்டியதில்லை. நான் தம்பானூர்ப் பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக அரிசி, தானிய மொத்த வியாபாரம். இந்த விவரத்தைச் சொல்லாமல் மேலே நடந்ததைச் சொன்னால் அவர்மேல் தப்பு இருப்பதுபோலத் தோன்றும். சொன்னாலும் தோன்றும்.

குறிப்பின் முதல் பக்கத்தில் ஒரு நாய் உணவின் பெயர் இருந்தது. வாங்கப் போனோம். அந்தக் கடையில் குளிர்சாதனம் இருந்தது, மெல்லிய இசை ஒலித்தது. எங்கள் அரிசிக் கடையில் மின்விசிறியே ஒரு பக்கமாகத்தான் சுற்றும். கழுத்தில் அட்டை மாட்டிய விற்பனையாளர் ஒரு மூட்டையைக் கைக்குழந்தையைப்போலத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"சார், இது கிரெயின் ஃப்ரீ. இதில் அரிசி இல்லா, கோதம்பு இல்லா, சோளம் இல்லா. ஒண்ணும் பேடிக்கண்டா." பயப்படவே வேண்டாம் என்கிறார்.

என் கணவர் மூட்டையைப் பார்த்தார், விற்பனையாளரைப் பார்த்தார்.

"அரிசி இல்லேன்னா பேடிக்க வேண்டாமா? அப்ப அரிசி இருந்தா?"

"அது, சார், தானியம் பட்டிகளுக்கு அத்ர நல்லதல்ல." பட்டி என்றால் நாய்.

"எங்க அப்பா, அவங்க அப்பா, இப்ப நான், எல்லாரும் விக்கிறது அதாக்கும். இந்த ஊருக்கே சோறு போட்டிருக்கோம். இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கம்ப்ளைன்ட் சொன்னதில்ல."

"மனுஷங்க வேற, சார்."

"வேறதான். மனுஷன் இப்படி மூட்டைமேல எழுதி அவமானப்படுத்த மாட்டான்."

வெறுங்கையோடு திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அவர் குறிப்பின் முதல் பக்கத்தைப் படித்து முடித்து, மீதி மூன்று பக்கங்களைப் படிக்காமலேயே தள்ளுபடி செய்தார். மறுநாளிலிருந்து நாயின் உணவுத் துறை அவர் கைக்குப் போனது. காலையில் இட்லியும் சாம்பாரும். மதியம் மட்டையரிசிச் சோற்றில் சாம்பார், முடிவில் தயிர். சாயங்காலம் கேழ்வரகுக் களி. அரிசியைக் கடையிலிருந்து தனியாகப் புடைத்துக் கொண்டுவருவார். எனக்குக் கல் பொறுக்காத அரிசியே போதும் என்று இருபத்தாறு வருடமாக நினைத்தவர் அவர்.

நாய் எல்லாவற்றையும் தட்டை நக்கித் தின்றது. "பாத்தியா" என்பார் என்னிடம். அது என் ஒரு கால் செருப்பையும் அப்படித்தான் தின்றது என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

ஆறு மாதத்தில் வேறொரு சிக்கல் கிளம்பியது. நாய் லாப்ரடார் ஆக மறுத்தது. காதுகள் தொங்க வேண்டும் என்று புத்தகம் சொல்ல, இதற்கு ஒரு காது நின்றது, மற்றது என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தது. கால்கள் நீண்டன. இடுப்பு சிறுத்தது. நீர்நாயின் வாலைப்போலத் தடித்து நேராக இருக்க வேண்டிய வால், முறுக்கு அச்சிலிருந்து இறங்கியதுபோலச் சுருண்டது.

காலை நடையில் எங்களுக்கு எதிரே வரும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர்தான் இதை முதலில் வாய்விட்டுச் சொன்னார். அவரிடம் ஒரு சைபீரியன் ஹஸ்கி இருந்தது. பனிக்கட்டியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய். திருவனந்தபுரத்தில் அதற்குத் தனி ஏசி அறை. வெயில் ஏறுவதற்குள் கால் மணி நேரம் நடந்துவிட்டு, தன் விதியை நினைத்தபடி திரும்பும். சாப்பாடு, எங்கோ கடல் தாண்டி வரும் சால்மன் மீன். அவர் எங்கள் நாயை ஒரு அரசாங்கக் கோப்பைப் புரட்டுவதுபோல நாலு பக்கமும் பார்த்தார்.

"இது ஏது ப்ரீடு?"

"லாப்ரடார்" என்றார் என் கணவர்.

"ஏய், அல்ல" என்றார் அதிகாரி, மிகுந்த அன்போடு. "ஆரோ நிங்களை பற்றிச்சு." யாரோ உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருள். அன்று நடை பாதியில் முடிந்தது.

அடுத்த இரண்டு மாதம் என் கணவர் நாய் இனங்களைப் படித்தார். மகளின் பத்தாம் வகுப்புக்குக்கூட அவர் புத்தகம் திறந்ததில்லை. சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, கடையில் லாரி காத்து நிற்கும்போது, எல்லா நேரமும் கைபேசியில் நாய்கள். பூடில் என்பது பொம்மை அல்ல, தண்ணீரில் குதித்து வாத்தைக் கவ்விவரும் நாய் என்றார். டாக்ஸ்ஹண்டுக்குக் கால் குட்டை, ஏனென்றால் அது வளைக்குள் புகுந்து வேட்டையாட வேண்டும். பீகிளுக்கு மூக்குதான் மூளை. பக்குக்கு மூச்சு விடுவதே முழுநேர உத்தியோகம். எனக்கு இதெல்லாம் தெரிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை, ஆனால் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுபவள் நான்தான். ஒருநாள் அலுவலகத்துக்கே போன் செய்தார்.

"கேட்டியா, லாப்ரடார் நாய் லாப்ரடார்ங்கிற ஊர்லேர்ந்தே வரல்ல. பக்கத்துல ஒரு தீவுலேர்ந்து வந்திருக்கு. பேரே தப்பு."

"அதுக்கு?"

"லாப்ரடாரே லாப்ரடார் இல்ல. பின்ன நம்ம பயல மட்டும் எதுக்குக் குத்தம் சொல்லணும்?"

இந்த வாதத்தின் பலத்தில்தான் அவர் நாயைக் குடியிருப்போர் சங்கம் நடத்திய செல்லப்பிராணிப் போட்டிக்குக் கொண்டுபோனார். பதிவுத் தாளில் இனம் என்ற இடத்தில் 'லாப்ரடார்' என்று எழுதி, கீழே கோடும் போட்டார். ஒரு பள்ளி மைதானம். அங்கே கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கிரேட் டேன், ஒரு பக்கோடாவைப் பார்த்துப் பயந்து எஜமானியின் பின்னால் ஒளிந்தது. கறுத்துத் தடித்த ராட்வைலர் ஒன்று, குழந்தைகள் காதைப் பிடித்து இழுக்க, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. உள்ளங்கையளவு சிவாவா ஒன்றுதான் மைதானத்திலேயே எல்லோரையும் கடிக்க வந்தது. எலும்பும் நரம்புமாக, ராஜகுமாரனைப்போல ஒரு சிப்பிப்பாறை நாய் நின்றது. "நம்ம ஊர்ப் பக்கத்து நாயாக்கும்" என்றார் என் கணவர், அதைத் தானே பெற்றதுபோல. இவருடைய தாத்தாவே பிறந்தது இங்கே சாலைக் கடைத்தெருவில்.

நடுவராக வந்தவர் ஒரு கால்நடை மருத்துவர். ஐம்பது வயது இருக்கும் பெண்மணி, மதராஸில் படித்தவர், தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். நாயின் பல்லைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்காக அவரை எனக்கு அன்றே பிடித்துப்போனது. 'லாப்ரடார்' என்பதை அடித்துவிட்டு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகள் எழுதினார். என்.டி.

"அப்படின்னா?"

"நான்-டிஸ்க்ரிப்ட். இன்ன இனம்னு சொல்லான் பற்றாது. நாடன் கலப்பு. நல்ல பட்டியாக்கும், சார், ஆரோக்கியமா இருக்கும். தூக்கம்தான் கொஞ்சம் ஜாஸ்தி தெரியுது."

வர்ணனைக்கு எட்டாதது என்று அதற்குப் பொருள் சொல்லி நான் என் கணவரைத் தேற்றினேன். கோவிலில் கடவுளைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்றேன். அவர் தேறவில்லை. முதல் பரிசு ஹஸ்கிக்குக் கிடைத்தது. கோப்பையை வாங்கும்போது அது ஒரு மேஜை மின்விசிறியின் முன்னால் ஈரத் துண்டின்மேல் படுத்திருந்தது. எழுந்துகூட நிற்கவில்லை.

தூக்கம் ஜாஸ்தி என்று மருத்துவர் சொன்னதை நாங்கள் இருவருமே காதில் வாங்கவில்லை. தோற்ற வருத்தத்தில் நாயும் இருக்கிறது என்று என் கணவர் விளக்கம் சொன்னார். அடுத்த வாரம் அது இட்லியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பேப்பர்க்காரர் வந்தபோது குரைக்கவில்லை. அவர்கூட நின்று, "எந்து பற்றி?", என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை கொல்லையில் அது சிறுநீர் கழித்தபோது பார்த்தேன். காப்பி டிகாக்ஷன் நிறம். நான் அன்று அலுவலகத்துக்குப் போகவில்லை.

அதே மருத்துவரின் கிளினிக்குக்குத்தான் போனோம். எப்போதும் வண்டியில் துள்ளி ஏறுகிற பயலை என் கணவர் கையில் தூக்கிக்கொண்டு போனார். மருத்துவர் நாயின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு வெள்ளைக் காகிதம்போல இருந்தது. ரத்தம் எடுத்து உள்ளே அனுப்பிவிட்டு நோட்டைத் திறந்தார்.

"தினமும் என்ன கொடுக்குறீங்க?"

நாயின் உணவுத் துறைக்குப் பொறுப்பானவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "கடையில விக்கிற ஒண்ணும் இல்ல, டாக்டர். எல்லாம் வீட்டுச் சாப்பாடு. காலையில இட்லி, சாம்பார். உச்சைக்கு மட்டையரிசிச் சோறு, சாம்பார்—"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"சாம்பாரில் உள்ளி, அதான் வெங்காயம், போடுவீங்களா?"

"சின்ன உள்ளி. நிறைய. அதில்லாம என்ன சாம்பார்?"

"எத்தன மாசமா?"

அவர் தன் விரல்களையே பார்த்தார். கணக்குப் பார்க்கிறாரா, புரிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

"உள்ளி நாய்க்கு விஷமாக்கும், சார்" என்றார் மருத்துவர், குரலை உயர்த்தாமல். "சின்னதோ பெருசோ, வேகவச்சதோ பச்சையோ, எல்லாம் ஒண்ணுதான். ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைச்சுக் களையும். கொஞ்சம் கொஞ்சமா தினமும் போனா இப்படித்தான் வெளுத்துப் போகும். பூண்டும் அதே ஜாதி. திராட்சையும் காஞ்ச திராட்சையும் கிட்னியைக் கெடுக்கும். சாக்லேட் கூடாது. வெந்த எலும்பு கூடாது, உடைஞ்சு குடலைக் கிழிக்கும். யாரும் சொல்லித் தரல்லியா?"

சொல்லித் தந்திருந்தார்கள். இதை நான் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். மகளின் குறிப்பில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அவர்தான் படிக்கவில்லை, நான் படித்தேன். 'வெங்காயம் கூடவே கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். சாம்பாரில் போடுவது சின்ன உள்ளிதானே, அதுவும் வெந்து கரைந்துவிடுகிறதே என்று என் மூளை வக்கீல்போல வாதாடி எனக்குச் சாதகமாகத் தீர்ப்பும் சொல்லிவிட்டது. சாம்பார் வைத்த கையும் என்னுடையதுதான். அவருடைய அரிசிப் பைத்தியத்தை எட்டு மாதமாகக் கேலி செய்துகொண்டிருந்தவள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கவில்லை.

"அரிசி?" என்று கேட்டார் என் கணவர். குரல் அடங்கியிருந்தது. "அரிசியும் தப்பா?"

"அரிசி என்ன செஞ்சுது பாவம். சோறு கொடுக்கலாம். பெரும்பாலான நாய்க்குத் தானியம் ஒண்ணும் செய்யாது. ஆனா சோறு மட்டும் போராது. முட்டை, கோழி, மீன், எதாவது வேணும். கூட பரங்கிக்காய், கேரட், கொஞ்சம் பீன்ஸ். உப்பு வேண்டாம், மசாலா வேண்டாம். இதெல்லாம் சரியா செய்ய முடியலேன்னா, வயசுக்கு ஏத்த கம்ப்ளீட் ஃபுட் வாங்கிக் கொடுங்க. அதில் தானியம் இருந்தாலும் குழப்பமில்ல."

எட்டு மாதமாக அவர் காத்திருந்த தீர்ப்பு. வேறொரு நாளாக இருந்தால் அந்த விற்பனையாளரின் கடைவாசலில் போய் நின்றிருப்பார். அன்று தலையை மட்டும் ஆட்டினார். நாயின் முன்னங்காலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று நாள் காலையில் கொண்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிவந்தோம். அந்த மூன்று நாளும் அவர் கடை திறக்கவில்லை. கிளினிக் வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகும் ஒவ்வொரு நாயையும் பார்த்தார், இனம் என்ன என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

மகளுக்கு நான்தான் போன் செய்தேன். மூன்றாம் பக்கத்தைப் பற்றியும் நானே சொன்னேன்.

"அடிக்கோடு போட்டிருந்தேனே, அம்மா."

"போட்டிருந்தாய்."

"சரி. இனி அழாதே" என்றாள். அப்போதுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அடுத்தது முட்டை. மூன்று தலைமுறையாக ஒரு முட்டையும் நுழையாத வீட்டில், அதை எப்படி வேகவைப்பது என்று தெரிந்தவர் ஒருவருமில்லை. என் கணவர் கடையில் மூட்டை தூக்கும் பெரியவரிடம் கேட்டார். தென்காசிப் பக்கத்துக்காரர், அறுபது வயதுக்கு மேல், பேச்சில் சிக்கனம்.

"தண்ணியில போட்டுக் கொதிக்க வைங்க அண்ணாச்சி. பத்து நிமிசம்."

"அது வெந்துதான்னு குத்திப் பாக்கணுமா?"

பெரியவர் அவரை நீண்ட நேரம் பார்த்தாராம். "குத்தப்படாது" என்றாராம்.

கொல்லையில் துவைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மின்சார அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. முதல் நாள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி முட்டையை உரித்தார். பாதி வெள்ளைக்கரு தோலோடு போனது. நான்காம் நாள் கைக்குட்டை கழன்றது. இரண்டாம் வாரம் தோல் ஒரே துண்டாக வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்கடுத்த வாரம் எலும்பில்லாத கோழி வந்தது. அது வேகும்போது தெருவில் இரண்டு வீடுகளின் ஜன்னல்கள் சாத்தப்பட்ட சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மாமி மதில்மேல் தலையை நீட்டினாள்.

"உங்காத்துல என்னமோ வாசனை வரதே?"

"மருந்து, மாமி" என்றார் என் கணவர், கரண்டியால் கிளறிக்கொண்டே. "டாக்டர் எழுதிக் கொடுத்தது."

பொய் இல்லை. சீட்டில் எழுதித்தான் இருந்தது. சோறும் கறியும் தராசில் நிறுத்துத்தான் போடுவார். தட்டில் ஒரு பருக்கை கூடினாலும் எடுத்துவிடுவார். நாய் அந்தப் பருக்கையை அவர் கையிலிருந்து வாங்கித் தின்னும். அது நிறுவையில் சேராதாம்.

ஐந்து வாரத்தில் ஈறு மறுபடி சிவந்தது. பேப்பர்க்காரருக்கு மரியாதை திரும்பக் கிடைத்தது, ஒரு பேண்ட்டும் கிழிந்தது. அதற்கு நாங்கள் புதிது வாங்கிக் கொடுத்தோம், அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். இரண்டாவது ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த மருத்துவர், "மிடுக்கன்", கெட்டிக்காரன் என்று நாயின் தலையைத் தட்டினார். என் கணவர் அது தனக்குச் சொன்னதுபோல நெளிந்தார்.

"இனி வாரத்தில் ரெண்டு நாள் மீனும் கொடுக்கலாம்" என்றார் மருத்துவர். "முள் எடுத்து, வேகவச்சு."

திரும்பி வரும் வழியில் என் கணவர் சந்தி முனையில் மீன் விற்கும் அம்மாவின் முன்னால் வண்டியை நிறுத்தினார். பத்து வருடமாக அந்த இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிறவர். நாய் என் மடியில் இருந்தது. ஒரு பக்கம் மத்தியும் மறுபக்கம் விலைகூடிய நெய்மீனும் கிடந்த மீன்தட்டை அவர், தேர்வுக்கூடத்தில் வினாத்தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதில முள்ளு குறைஞ்சது எது?"

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கள் தெருவில் யாரும் அவளிடம் வாங்கியதில்லை.

"அண்ணாச்சிக்கோ?"

"இல்ல. பட்டிக்கு."

"பட்டிக்கு எந்தினா முள்ளில்லாத்த மீனு? மத்தி மதி." நாய்க்கு எதற்கு முள்ளில்லாத மீன், சாதாரண மத்தியே போதும் என்கிறாள். பிறகு என் மடியில் இருந்த நாயைப் பார்த்தாள். "ஏது ஜாதியா இது?"

என் கணவர் நாயைப் பார்த்தார். நிற்கிற காதையும் நிற்காத காதையும் பார்த்தார்.

"எங்க வீட்டுப் பயல்" என்றார். "நெய்மீன்ல ஒரு துண்டு வெட்டுங்க. நடுத்துண்டு."